ஒரே தண்ணீர் அப்பாவுக்குச் சில்லென்று, மகளுக்கு வெதுவெதுப்பு: யார் சொல்வது சரி?

மலேசியாவின் தாப்பாவில் படிவம் ஆறு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மாலையில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வரும் அப்பா, குளியலறைத் தொட்டித் தண்ணீரை மேலே ஊற்றியதும் "சில்லுன்னு இருக்கு" என்கிறார். ஏர்கோன் போட்ட டியூசன் வகுப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த மகள், அதே தொட்டியில் கையை விட்டு "வெதுவெதுன்னுதானே இருக்கு" என்கிறார். தண்ணீரும் ஒன்று, நேரமும் ஒன்று. யார் சொல்வது உண்மை? சூடும் குளிரும் தண்ணீரில் இருக்கின்றனவா, உடம்பிலா, மனத்திலா?

தங்கச்சி, இருவர் சொல்வதும் சரி. அவரவருக்கு அவரவர் நியாயம் என்று சமாதானம் பண்ணுவதற்காக இதைச் சொல்லவில்லை. இருவர் சொல்வதையும் அளந்தே காட்டலாம்.

தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் உழைத்துவிட்டு வந்தவரின் தோலுக்கு ரத்தம் நிறையப் பாய்ந்திருக்கும். தோல் 35 டிகிரியைத் தொட்டிருக்கும். ஏர்கோனில் உட்கார்ந்திருந்த உங்கள் கையில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல்கள் 27 டிகிரிக்குக்கூட இறங்கியிருக்கலாம். இப்போது அப்பாவின் தோலிலிருந்து வெப்பம் தண்ணீருக்குள் வேகமாக இறங்குகிறது. உங்கள் கையிலோ தண்ணீரிலிருந்து கொஞ்சம் வெப்பம் உள்ளே ஏறுகிறது. "சில்" என்பது வெப்பம் வெளியே போகிறது என்ற செய்தி, "வெதுவெது" என்பது உள்ளே வருகிறது என்ற செய்தி. இரண்டு செய்தியும் உண்மை. தண்ணீர் எத்தனை டிகிரி என்ற கேள்விக்கு இருவருமே பதில் சொல்லவில்லை. தோலிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாது.

தத்துவத்தில் இது பழைய வழக்கு. ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் படலாம் என்பதை ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1690இல் எடுத்துக்காட்டாக வைத்தார். நீரில் இருப்பது நுண்துகள்களின் அசைவு மட்டுமே, சூடு என்கிற அந்த உணர்வைப் போன்ற எதுவும் நீருக்குள் இல்லை என்பது அவர் முடிவு. 1713இல் ஜார்ஜ் பார்க்லி அதே நீரை எடுத்துக்கொண்டு இன்னும் தூரம் போனார்: ஒரே பொருள் ஒரே நேரத்தில் சூடாகவும் குளிராகவும் இருக்க முடியாது, ஆகவே சூடு மனத்தில்தான் இருக்கிறது. என் கணிப்பில் பார்க்லியின் வாதம் ஓரிடத்தில் ஒடிகிறது. "சில்" என்பது நீரின் குணத்தைப் பற்றிய கூற்று என்று எடுத்துக்கொண்டால்தான் அங்கே முரண்பாடு வரும். அது இந்தத் தோலுக்கும் இந்த நீருக்கும் நடுவே நடப்பதைப் பற்றிய கூற்று என்றால் முரண்பாடே இல்லை. அதற்காக அது மனத்தில் மட்டும் இருப்பதாகவும் ஆகிவிடாது. வெப்ப ஓட்டம் யாரும் உணராவிட்டாலும் நடக்கும்.

இதை வீட்டில் செய்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள். மூன்று பிளாஸ்டிக் பாத்திரங்கள் போதும். எவர்சில்வர் வேண்டாம், பக்கச் சுவரில் கை பட்டால் உணர்வு மாறிவிடும். முதல் பாத்திரத்தில் ஐந்து கப் குழாய்த் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் ஒரு கப் கொதிநீரைச் சேருங்கள். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்றால் கலவை 40 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், கொதிநீர் பிறகுதான். 43 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். இரண்டாவதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 140 முதல் 150 கிராம் ஐஸ், அதாவது ஃபிரிட்ஜ் தட்டில் உறையும் கட்டிகள் ஆறேழு. முழுக்கக் கரைந்ததும் 15 டிகிரி பக்கம் வரும். மூன்றாவதில் வெறும் குழாய்த் தண்ணீர். ஒரு கையைச் சூட்டிலும் ஒரு கையைக் குளிரிலும் மணிக்கட்டு வரை மூன்று நிமிடம் வைத்திருந்து, இரண்டையும் ஒரே சமயத்தில் நடுப்பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

சூட்டிலிருந்து வந்த கைக்கு நடுத்தண்ணீர் சில்லென்றும், குளிரிலிருந்து வந்த கைக்கு வெதுவெதுப்பாகவும் தெரிய வேண்டும். சரியாக வரவில்லை என்பவர்கள் பெரும்பாலும் செய்வது என்னவென்றால், ஐஸ் மிதக்கும் தண்ணீரிலேயே கையை வைத்துவிடுவார்கள். அது முதலில் வலிக்கும், பிறகு மரத்துவிடும். மரத்த கை எதையும் ஒழுங்காகச் சொல்லாது. சிலர் விரல்நுனியை மட்டும் தொடுவார்கள். வெப்ப உணர்வு பரப்பைப் பொறுத்துக் கூடும். சின்ன இடத்தில் மங்கலாகத்தான் தெரியும். சிலர் ஒரு கையை வைத்துப் பார்த்துவிட்டு நிதானமாக மறு கையை வைப்பார்கள், அதற்குள் முதல் கை நடுத்தண்ணீருக்குப் பழகத் தொடங்கிவிடும். பாடநூல்கள் பொதுவாகச் சொல்லாத ஒன்றையும் கவனியுங்கள்: மூன்று நிமிடம் ஆனாலும் 40 டிகிரித் தண்ணீர் சூடு என்பது முழுக்க மறைந்துபோகாது, மங்க மட்டும்தான் செய்யும். தோல் ஏறக்குறைய 30 முதல் 36 டிகிரிக்குள் இருந்தால்தான் சூடுமில்லை குளிருமில்லை என்ற நிலைக்கு முழுதாகப் பழகும்.

தோல் எதைச் சொல்கிறது என்பது தொட்டுப் பார்க்கும் பொருள்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்த எவர்சில்வர் டம்ளரும் மரப்பலகையும் ஒரே 28 டிகிரிதான். டம்ளர் சில்லென்று இருக்கும், பலகை இருக்காது. பொருளின் வெப்பக் கடத்தல், அடர்த்தி, வெப்பக் கொள்ளளவு மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒரு எண் வரும். அது எவர்சில்வருக்குச் சுமார் 7,500, தோலுக்குச் சுமார் 1,300, மரத்துக்குச் சுமார் 400. தொட்ட கணத்தில் இரண்டும் சந்திக்கும் பரப்பின் வெப்பநிலை, இந்த எண்களின் எடைக்கு ஏற்பக் கிடைக்கும் சராசரி. தோல் 33 டிகிரி என்றால் கனமான எவர்சில்வரைத் தொடும் இடம் 28.7 டிகிரிக்கு விழும், மரத்தைத் தொடும் இடம் 31.8இல் நிற்கும். ஆக, கையின் மேற்பரப்பு உண்மையிலேயே இரண்டு வேறு வெப்பநிலைக்குப் போகிறது. கை அதைப் பிசகாமல் சொல்கிறது. "டம்ளர் பலகையைவிடக் குளிர்ந்த பொருள்" என்று நாம் சேர்த்துக்கொள்ளும் முடிவுதான் தப்பு.

மாற்றத்தின் வேகமும் முக்கியம். கட்டைவிரலின் அடிச்சதையில், தோல் 33 டிகிரியில் இருக்கும்போது, சட்டென்று ஏற்படும் 0.1 டிகிரிக் குளிர்ச்சியையும் 0.2 டிகிரிச் சூட்டையும் மனிதர் கண்டுபிடித்துவிடுவார். அதே மாற்றம் நிமிடத்துக்கு அரை டிகிரிக்கும் குறைவாக ஊர்ந்து வந்தால், 4, 5 டிகிரி மாறும் வரைகூடத் தெரியாமல் போகலாம். ஏர்கோன் அறைக்குள் நுழைந்ததும் உடம்பு சிலிர்ப்பதும், உள்ளேயே உட்கார்ந்திருப்பவர் கை விறைத்த பிறகு சால்வையைத் தேடுவதும் இதனால்தான்.

கேமரன் மலைச் சாலையில் இதைத் தினமும் பார்க்கலாம். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறுகிறவர் வழியில் உள்ள ரிங்லெட்டில் இறங்கியதும் ஸ்வெட்டரை மாட்டுவார். இன்னும் உயரத்தில் உள்ள பிரிஞ்சாங்கிலிருந்து இறங்குகிறவர் அதே இடத்தில் அதைக் கழற்றுவார். ஆனால் இதை மூன்று பாத்திரச் சோதனையோடு அப்படியே சேர்த்துவிடக் கூடாது. அங்கே பழகியது கைத்தோல். இங்கே உடம்பு முழுதும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது, நடந்தாரா உட்கார்ந்திருந்தாரா, மலைவாசத்துக்குப் பழகியவரா என்பதெல்லாம் கலந்திருக்கிறது.

இந்த இடத்தில் தெர்மாமீட்டர் பெரியவர்போல் வந்து தீர்ப்புச் சொல்லும் என்று எதிர்பார்ப்போம். தகரக் கூரை போட்ட லயத்து வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்குச் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் 32 காட்டும், உள்ளே இருப்பவருக்கு வேகும். மரநிழலில் காற்றாட உட்கார்ந்தால் அங்கேயும் 32தான், ஆனால் தாங்கலாம். தெர்மாமீட்டர் அளந்தது காற்றை மட்டும். உடம்புக்குக் காற்று, கூரையிலிருந்து இறங்கும் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றோட்டம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு போகிறது. வெயிலில் காயும் தகரம் காற்றைவிட வெகு அதிகமாகச் சூடாகித் தலைக்கு மேலிருந்து கதிர்வீசும். துருவேறிய தகரம் புதுத் தகரத்தைவிட வெயிலை அதிகம் வாங்கும், கீழ்நோக்கியும் அதிகம் உமிழும். அதனால்தான் பழைய வீட்டில் வேக்காடு கூடுதல். கூரைக்கு வெள்ளைச் சாயம் அடித்தாலோ, கீழே காற்று இடைவெளி விட்டுச் சீலிங் பலகை அடித்தாலோ, தெர்மாமீட்டர் ஓரிரு டிகிரிதான் குறைத்துக் காட்டும். உடம்பு அதைவிட அதிகமாகத் தேறும். காற்றாடியும் அப்படியே: அது அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை ஆற்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியாகிப் போனால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை ஒன்றையும் கொண்டுபோகாது. நம் ஊர் ஈரக்காற்றில் வீணாவது அப்படித்தான்.

கேத்லீன் ஏக்கின்ஸ் என்ற தத்துவவாதி 1996இல் இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்தார். வெளியே என்ன இருக்கிறது என்று அறிவிப்பது புலன்களின் வேலை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தோலின் வெப்பப் புலனோ "இதனால் எனக்கு என்ன ஆகும்" என்பதைத்தான் கேட்கிறது என்றார். காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். உடம்பு 38 டிகிரிக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது பல் கிடுகிடுக்கக் குளிர்கிறது. மூளையில் உள்ள கட்டுப்பாட்டு மையம் இலக்கை 39க்கு உயர்த்திவிட்டதால், 38 இப்போது "போதாது". எத்தனை டிகிரி என்று சொல்லும் கருவியாக இருந்திருந்தால் அங்கே குளிர் தெரிந்திருக்கவே கூடாது. இன்னும் வெப்பம் சேர் என்று உடம்பைத் தூண்டும் கட்டளை அது.

அப்படியானால் தோல் ஒருநாளும் ஏமாறாதா? ஏமாறும். கோடாலித் தைலத்தை நெற்றியில் தடவுங்கள். அதில் உள்ள மெந்தால், குளிரை அறியும் நரம்பு முனைகளில் இருக்கும் டிஆர்பிஎம்8 என்ற புரதத்தைத் திறந்துவிடுகிறது. அந்தக் கதவு சாதாரணமாகத் தோல் சுமார் 26 டிகிரிக்குக் கீழே போகும்போது திறப்பது. நெற்றியின் வெப்பநிலை அப்படியே இருக்க, "சில்" என்ற செய்தி மட்டும் போகிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் டிஆர்பிவி1ஐத் திறக்கிறது. அது சுமார் 43 டிகிரிச் சூட்டுக்குத் திறக்கும் கதவு. டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 1997இல் அதைக் கண்டுபிடித்தது. மெந்தாலுக்கான கதவை 2002இல் அவர் குழுவும் ஆர்டெம் பட்டபூட்டியனின் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன. 2021இல் இருவரும் மருத்துவ நோபல் பெற்றார்கள். சம்பல் வைத்து நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுச் சூடான தே தாரேக் குடித்தால் நாக்கு எரிவதற்கும் காரணம் இதுவே: கேப்சைசின் இருக்கும்போது அந்தக் கதவு 43க்கு வெகு கீழேயே திறக்கிறது. தண்ணீர் குடித்து ஆகாது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால் உதவும்.

மூன்று பாத்திரத்தையும் தைலத்தையும் ஒரே பெட்டியில் போட்டு "புலன் மயக்கம்" என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முதலாவதில் வெப்ப ஓட்டம் நிஜம், செய்தியும் நிஜம். இரண்டாவதில் ஓட்டம் இல்லாமல் செய்தி மட்டும் வருகிறது. மயக்கம் என்று சொல்ல வேண்டியது இதைத்தான். கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவருக்கு உடம்பு கதகதப்பாக இருப்பதாகத் தோன்றுவது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: தோலுக்கு ரத்தம் பாய்ந்ததால் தோல் சூடானது உண்மை, ஆனால் உள்ளுடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. மலைக்குளிரில் அது ஆபத்து.

அடுத்து, குளிர் என்பது தனியாக ஒன்றா, சூடு இல்லாமைதானா? நம் மரபில் இதற்கு இரண்டு பதில் உண்டு. வைசேடிகம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினர் தொட்டறியும் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தண்மை நீருக்குரியது, வெம்மை தீக்குரியது, இரண்டுமற்றது மண்ணுக்கும் காற்றுக்கும் உரியது. நீர் சுடுவது அதில் தீயின் கூறு கலந்ததால் என்றார்கள். தேரவாத பௌத்தர்கள் நீர்ப்பூதத்தைத் தொட்டே அறிய முடியாது என்றார்கள். சூடு, குளிர் இரண்டும் தீப்பூதத்தின் ஏற்ற இறக்கம்தான். இன்றைய இயற்பியல் இரண்டாம் கட்சி. ஆனால் தோல் முதல் கட்சி. 1882இல் சுவீடனின் மாக்னஸ் பிளிக்ஸ், தோலில் குளிரை மட்டும் அறியும் புள்ளிகளும் சூட்டை மட்டும் அறியும் புள்ளிகளும் வெவ்வேறு இடங்களில் இருப்பதைக் காட்டினார். குளிருக்கென்று தனிப் புள்ளி, தனி நரம்பு, தனிப் புரதம் எல்லாம் இருக்கின்றன. ஒரு குளிர்ப்புள்ளியை மட்டும் 45 டிகிரிக்கு மேல் உள்ள ஊசிமுனையால் தொட்டால் அது "குளிர்" என்றே சொல்லும். குளிப்பதற்கு மிகச் சூடான தண்ணீரை ஊற்றிக்கொண்டதும் ஒரு கணம் சில்லிடுவதும் இந்த வகைதான். உலகத்தில் குளிர் இல்லாமையாக இருக்கலாம், உணர்வில் அது இருப்பு.

பார்க்லியின் இன்னொரு வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கடும் சூடும் வலியும் பிரிக்க முடியாத ஒரே உணர்வு, வலி மனத்தில் இருப்பதால் சூடும் மனத்தில்தான் என்றார் அவர். கதகதப்பைக் கொண்டுபோகும் நரம்புகளும் சுடுவலியைக் கொண்டுபோகும் நரம்புகளும் வேறு வேறு. சேர்ந்து வருவதால் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவே. 1896இல் டோர்ஸ்டென் துன்பெர்க் கதகதப்பான கம்பிகளையும் குளிர்ந்த கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கையை வைக்கச் சொன்னார். தனித்தனியே தொட்டால் எதுவும் வலிக்காது, சேர்த்துத் தொட்டால் சுடுவதுபோல் எரியும். சூடே இல்லாமல் சுடுவலி வருகிறதென்றால் அவை இரண்டு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தோல் டிகிரியைச் சொல்லாது என்றால் தெர்மாமீட்டரை முதன்முதலில் எதை நம்பி ஏற்றுக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சரிபார்க்க வேறு தெர்மாமீட்டர் அன்று இல்லையே. தத்துவவாதி ஹசோக் சாங் 2004இல் இதற்குத் தந்த விடை எனக்குத் திருப்தியானது. முதலில் கை சாட்சி: கொதிநீர் பச்சைத் தண்ணீரைவிடச் சூடு என்று கை சொன்ன இடத்திலெல்லாம் குழாயில் திரவம் ஏறியது, அதனால் கருவிக்கு மதிப்பு வந்தது. பிறகு கைக்குத் தெரியாத சிறு வேறுபாடுகளையும் கருவி காட்டியது. கடைசியில் கையையே திருத்தும் தகுதி அதற்கு வந்தது. நம் வீட்டுக் கிணறு இதற்கு நல்ல இடம். விடியற்காலையில் வாளியில் இறைத்த தண்ணீர் வெதுவெதுப்பாகவும் நடுப்பகலில் சில்லென்றும் இருக்கும். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் ஆழக் கிணற்றில் இரண்டு வேளையும் ஏறத்தாழ ஒரே எண்தான். மாறியது காற்றும் நம் தோலும். ஆனாலும் தோலின் சாட்சியத்தை மொத்தமாகத் தள்ளிவிட்டால், கருவி முதலில் ஏறி நின்ற ஏணியையே தள்ளிவிட்டதாகும்.

உங்கள் கேள்வியில் இன்னொரு நல்ல சந்தேகமும் இருந்தது: அப்பா உணரும் "சில்" உங்களுக்கு "வெது" போலத்தான் இருக்கிறது, சிறு வயதிலிருந்து பெயரை மட்டும் மாற்றிக் கற்றுக்கொண்டார் என்றால் அதை யார் கண்டுபிடிக்க முடியும்? நிறங்களைப் பற்றி இந்தச் சந்தேகத்தைத் தத்துவவாதிகள் நிறையப் பேசியிருக்கிறார்கள். சூடு குளிரில் அது அவ்வளவு எளிதாகச் செல்லுபடியாகாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் அல்ல. குளிர்ப்புள்ளிகள் சூட்டுப்புள்ளிகளைவிடப் பல மடங்கு அதிகம். குளிர்ச் செய்தி வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் போகும். கதகதப்பு 1, 2 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும். குளிர் எங்கே பட்டது என்று விரலால் காட்டிவிடலாம், இளஞ்சூடு எங்கே என்பது பரவலாகவே தெரியும். குளிர்ந்த நாணயத்தை நெற்றியில் வைத்தால் அது கனமாகத் தெரியும். ஒரு குளிர்ந்த வெள்ளி நாணயம் இரண்டு இளஞ்சூடான நாணயங்கள் அளவுக்குக் கனப்பதாக ஜெர்மன் உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். அப்பாவுக்கு இரண்டு உணர்வும் இடம் மாறியிருந்தால் இந்த வேறுபாடுகளும் கூடவே மாறியிருக்க வேண்டும். சோதிப்பது சுலபம்: 50 சென் காசுகள் இரண்டை எடுத்து, ஒன்றை ஃபிரிட்ஜிலும் ஒன்றை உள்ளங்கையிலும் பத்து நிமிடம் வைத்திருங்கள். அப்பாவைக் கண்மூடிப் படுக்கச் சொல்லி ஒவ்வொன்றாக நெற்றியில் வையுங்கள். சூடா குளிரா என்று கேட்காமல், எது கனம் என்று மட்டும் கேளுங்கள். காசு சில வினாடிகளில் தோலின் சூட்டுக்கு வந்துவிடும், அதனால் பதிலை உடனே வாங்கிவிட வேண்டும்.